'வென்ச்சர்' என்னும் சொல்லின் பொருளும் தமிழில் அதன் ஆட்சியும்: தென்சென்னைப் புறநகர் வழக்குகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இழப்பு நேரலாம் என்று அறிந்தே மேற்கொள்ளும் செயலை ஆங்கிலம் 'வென்ச்சர்' என்னும் சொல்லால் குறிக்கிறது. தமிழில் இதற்கு ஈடாகத் துணிகரம், சாகசம், முயற்சி, முனைவு முதலிய சொற்கள் ஆளப்படுகின்றன. இவை ஒவ்வொன்றும் மூலச்சொல்லின் ஒரு கூறை மட்டுமே ஏற்று, மற்றவற்றை விட்டுவிடுகின்றன. தாம்பரத்தையும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளையும் பற்றிய செய்தி, தொழில், மனை வணிகம் ஆகியவற்றில் காணப்படும் வழக்குகளைக் கொண்டு இச்சொற்களின் பொருள் எல்லைகளை இக்கட்டுரை விளக்குகிறது. சட்டம், நிதி ஆகிய துறைகளில் இச்சொல் தேர்வு பொதுமக்களின் சேமிப்பைத் தொடும் செய்தி என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: வென்ச்சர், துணிவு, துணிகரம், சாகசம், இடர், கலைச்சொல்லாக்கம், தாம்பரம்.

முன்னுரை

தாம்பரம் மாநகராட்சி 2021ஆம் ஆண்டு நவம்பரில் உருவானது. 2022ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன்னரே, 1984இல், தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதிச் செயலாக்க மண்டலம் நிறுவப்பட்டிருந்தது. விமானப்படைத் தளம், தொழிற்பேட்டைகள், இடைவிடாது விரியும் மனைப்பிரிவுகள் ஆகியன ஒருங்கே அமைந்த பகுதி இது. எனவே, நாளிதழ்களின் வட்டாரப் பக்கத்தில் இப்பகுதி பலவகைச் செய்திகளால் இடம்பெறுகிறது.

அப்பக்கத்தை ஊன்றிப் படிக்கும் ஒருவர் ஒரு முரணைக் காணலாம். பூட்டிய வீட்டில் நகை திருடப்பட்டால் அது 'துணிகரம்'. புதிய நிறுவனமொன்றில் முதல் போட்டால் அது 'துணிகர முதலீடு'. போர் விமானங்கள் வானில் வட்டமிட்டால் அது 'சாகசம்'. இளைஞர்கள் சாலையில் இருசக்கர வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டிக் கைதானால் அதுவும் 'சாகசம்'. அரசு நிறுவனமும் தனியார் நிறுவனமும் சேர்ந்து தொழிற்பூங்கா அமைத்தால் அது 'கூட்டு முயற்சி'. இவற்றுள் முதலீட்டையும் கூட்டுத் தொழிலையும் ஆங்கிலம் 'வென்ச்சர்' என்றே குறிக்கும். சாகசம் என்பதற்கு அதன் மூத்த வடிவமான 'அட்வென்ச்சர்' ஈடாக அமையும். ஆங்கிலத்தில் ஒரு குடும்பமாக நிற்கும் பொருள் தமிழில் ஏன் இவ்வாறு சிதறியது என்பதும், அச்சிதறலால் விளைவது என்ன என்பதும் ஆராயத்தக்கன.

சொற்பிறப்பும் பொருள் வளர்ச்சியும்

'வென்ச்சர்' என்பது தனியே பிறந்த சொல்லன்று. பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த 'அவென்ச்சூர்' என்னும் சொல் முதலசை கெட்டு, ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டில் இவ்வடிவம் பெற்றது. அதன் வேர், 'வந்து சேர்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. 'வரவிருப்பது' என்பதே தொடக்கப் பொருள். வரவிருப்பது நன்றாகவும் இருக்கலாம், தீதாகவும் இருக்கலாம். ஆகவே அச்சொல் முதலில் தற்செயலையும், பின்னர் இடரையும், அதன்பின் இடரை ஏற்றுச் செய்யும் செயலையும், இறுதியில் அத்தகைய வணிகத்தையும் குறித்தது.

முழுவடிவமும் குறுகிய வடிவமும் காலப்போக்கில் பணியைப் பங்கிட்டுக்கொண்டன. 'அட்வென்ச்சர்' பயணம், வீரச்செயல், விளையாட்டு ஆகியவற்றின் பக்கம் சாய்ந்தது. 'வென்ச்சர்' பணம் ஈடுபடுத்தப்படும் முயற்சியின் பக்கம் சாய்ந்தது. எனினும், சட்டமொழியில் பழைய வடிவம் வணிகப் பொருளோடு இன்றும் வாழ்கிறது.

இச்சொல்லின் பொருளில் மூன்று கூறுகள் உள்ளன. ஒன்று, செய்பவர் தமக்குரிய ஏதேனும் ஒன்றை, பெரும்பாலும் பொருளை, பணயமாக வைக்கிறார். இரண்டு, விளைவு உறுதியற்றது. மூன்று, அந்த உறுதியின்மையை அறிந்தே செயலில் இறங்குகிறார். முதற்கூறு இல்லையேல் அது வெறும் எதிர்பார்ப்பு. இரண்டாவது இல்லையேல் வழக்கமான பணி. மூன்றாவது இல்லையேல் விபத்து அல்லது ஏமாற்றம்.

சென்னையும் இச்சொல்லும்

இச்சொல்லின் வணிகப் பொருளுக்குச் சென்னையோடு நேரடித் தொடர்பு உண்டு. 1600ஆம் ஆண்டு இறுதியில் பட்டயம் பெற்ற ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியில் முதல் போட்டவர்கள் 'அட்வென்ச்சரர்' என்றே அழைக்கப்பட்டனர். தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு கடற்பயணத்துக்கும் தனித்தனியே பணம் திரட்டப்பட்டது. கப்பல் திரும்பினால் ஆதாயம் பங்கிடப்படும். திரும்பாவிட்டால் போட்ட முதல் போயிற்று. பின்னரே பல பயணங்களுக்கும் பொதுவான கூட்டுப்பங்கு முறை நிலைபெற்றது. 1639இல் சென்னைக் கடற்கரையில் கம்பெனி பெற்ற நிலமும் இவ்வகை முதலீட்டின் தொடர்ச்சியே.

தாமசு பிட்டு என்பவரின் வாழ்க்கை இங்குக் கருதத்தக்கது. கம்பெனியின் ஏகபோக உரிமையை மீறிக் கீழ்த்திசையில் தனி வணிகம் செய்தவர் அவர். அதற்காகத் தண்டமும் விதிக்கப்பட்டார். அவரே 1698இல் அதே கம்பெனியால் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக்கப்பட்டு 1709 வரை பதவி வகித்தார். கடல் கடந்து முதலைப் பணயம் வைத்த செயல் இரு நிலையிலும் ஒன்றுதான். உரிமம் இல்லாதபோது குற்றமாகவும், இருந்தபோது வணிகமாகவும் அது பெயர் பெற்றது. ஆக, இடரேற்புச் செயலுக்கும் குற்றத்துக்கும் இடையிலான கோடு செயலின் துணிச்சலில் இல்லை; அதற்குரிய உரிமையில் இருக்கிறது. தமிழில் 'துணிகரம்' என்னும் சொல் படும் பாட்டை விளங்கிக்கொள்ள இது உதவும்.

தமிழரும் இத்தகைய வணிகத்துக்குப் புதியவர் அல்லர். ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சுமத்திராவின் பாரூசுப் பகுதியில் கிடைத்துள்ளது. ஆனால் சாத்து, மாசாத்துவான், மாநாய்கன், ஐந்நூற்றுவர் போன்ற பெயர்கள் வணிகரையும் அவர்தம் குழுவையுமே சுட்டுகின்றன. அவர்கள் ஏற்ற இடரை இப்பெயர்கள் சுட்டவில்லை.

துணிதல்: வேர்ப்பொருள்

துணிதல் என்னும் வினைக்கு அறுபடுதல் என்பது அடிப்படைப் பொருள். துணித்தல் அதன் பிறவினை. அறுக்கப்பட்ட துண்டு ஆதலின் ஆடைக்குத் துணி என்று பெயர். இதிலிருந்து தெளிதல், முடிவு செய்தல் ஆகிய பொருள்கள் கிளைத்தன. சங்க இலக்கியத்தில் துணிநீர் என்பது தெளிந்த நீர். அகப்பொருள் இலக்கணம் கைக்கிளையைக் காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிவு என வகுக்கும். அங்கே துணிவு என்பது வீரமன்று. ஐயம் அறுந்த நிலை. எதிரே நிற்பவள் தெய்வமகளா, மானிட மகளா என்னும் ஐயம் நீங்குவதே துணிவு.

திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரமும் இப்பொருளையே போற்றுகிறது. அழிவது, ஆவது, பின்னர் வரும் ஊதியம் என்னும் மூன்றையும் கணக்கிட வேண்டும் என்கிறது 461ஆம் குறள். வரப்போகும் ஆதாயத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலில் அறிவுடையார் இறங்கமாட்டார் என்கிறது 463ஆம் குறள். ஆராய்ச்சி முன்னும் துணிவு பின்னுமாக இருத்தல் வேண்டும் என்கிறது 467ஆம் குறள்.

ஆகவே இரு மொழிகளின் நோக்கும் வேறுபடுகின்றன. ஆங்கிலச் சொல் விளைவைப் பார்க்கிறது. வரவிருப்பது தெரியாது என்கிறது. தமிழ் வினை செய்பவரின் உள்ளத்தைப் பார்க்கிறது. ஐயம் அறுந்தது என்கிறது. 'வென்ச்சர்' என்பதில் ஐயம் இறுதிவரை எஞ்சி நிற்கும். துணிவில் ஐயம் முடிந்துவிடும். துணிவு அச்சொல்லின் மூன்றாம் கூறை நிறைவாகத் தருகிறது. இரண்டாம் கூறைத் தருவதில்லை.

துணிகரமும் குற்றச்செய்தியும்

துணிவு, துணிச்சல், துணிகரம் ஆகிய மூன்றும் ஒரே வேரினவாயினும் இன்றைய வழக்கில் ஒரே மதிப்புடையன அல்ல. துணிவு பெரும்பாலும் பாராட்டு. துணிச்சல் இடத்துக்கேற்பப் பாராட்டும் ஆகும், பழிப்பும் ஆகும். துணிகரம் நாளிதழ் வழக்கில் ஏறத்தாழக் குற்றத்தின் அடைமொழியாகிவிட்டது. 'பட்டப்பகலில் துணிகரம்', 'துணிகரக் கொள்ளை', 'துணிகரத் திருட்டு' என்னும் தொடர்கள் வாய்பாடுகளாகவே நிலைத்துள்ளன. குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் என எவ்வூர்ச் செய்தியாயினும், தலைப்பில் துணிகரம் என்று கண்ட அளவில் சங்கிலிப் பறிப்பு அல்லது வீடு புகுந்த திருட்டு என்று வாசகர் உணர்ந்துகொள்கிறார். குற்றத்தின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டுவதில்லை.

அச்சமோ கூச்சமோ இல்லாமல் பிறர் காணச் செய்தல் என்பது இவ்வாட்சியின் உட்பொருள். துணிந்தவனுக்குத் தூக்குமேடையும் பஞ்சுமெத்தை என்னும் பழமொழியிலும் துணிவு தண்டனையோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. இந்நிலையில் 'துணிகர மூலதனம்', 'துணிகர முதலீடு' என்னும் கலைச்சொற்கள் வணிகவியல் வகுப்பறைக்கு வெளியே சென்றால் முதற்கேள்வியில் நெருடுகின்றன. வேர்ப்பொருளால் அவை பிழையல்ல. வழக்குப்பொருளே அவற்றுக்கு இடையூறு.

சாகசம்: எதிர்த்திசைப் பயணம்

வடமொழிவழி வந்த சாகசம் என்னும் சொல்லின் வரலாறு இதற்கு நேர்மாறானது. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தில் சாகசம் என்பது ஒரு குற்றத்தின் பெயர். உடையவர் முன்னிலையில் வலிந்து பறிப்பது சாகசம். அவர் அறியாமல் எடுப்பது களவு என அந்நூல் வேறுபடுத்துகிறது. இன்றைய நாளிதழ் 'துணிகரக் கொள்ளை' என்று எழுதும் செயலையே பழைய சட்ட நூல் சாகசம் என்றது.

தற்காலத் தமிழில் அக்குற்றப்பொருள் மறைந்து, வியப்புக்குரிய செயல் என்னும் பொருள் நிலைத்தது. இந்திய விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவையொட்டி 2024ஆம் ஆண்டு அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த வான்காட்சியை நாளிதழ்கள் சாகச நிகழ்ச்சி என்றே எழுதின. இரு நாள் கழித்துத் தாம்பரம் தளத்தில் அணிவகுப்பு நடைபெற்றது. பொழுதுபோக்குப் பூங்காக்களின் விளையாட்டுகளும் சாகசம் என்றே விளம்பரம் பெறுகின்றன. அதேவேளை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'பைக் சாகசம்' செய்தோர் கைது என்னும் செய்தியில் சொல் மீண்டும் சட்டமீறலைத் தொடுகிறது. எவ்வாறாயினும், பார்ப்போர் உண்டு என்பது சாகசத்தின் இன்றியமையாப் பண்பு. வங்கிக் கடன் பெற்றுப் பட்டறை தொடங்குபவரின் இடரேற்பைச் சாகசம் என்றால் அது கேலியாகவே ஒலிக்கும்.

முயற்சியும் முனைவும்

'ஜாயிண்ட் வென்ச்சர்' என்பதற்குக் 'கூட்டு முயற்சி' என்னும் தொடர் நிலைபெற்றுள்ளது. தரமணியில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டைடல் பூங்கா, டிட்கோ, எல்காட் ஆகிய இரு அரசு நிறுவனங்களின் கூட்டு முயற்சி. செங்கற்பட்டு அருகே அமைந்த மகிந்திரா வேர்ல்டு சிட்டி, மகிந்திரா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து உருவாக்கியது. இத்தொடர் ஒலிக்க இனியது, குற்றச்சாயலும் இல்லை. ஆயினும் ஒரு பள்ளியில் ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து மரம் நட்டாலும் அது கூட்டு முயற்சியே. பங்குத்தொகை, ஆதாயப் பகிர்வு, இழப்புப் பொறுப்பு என்பவற்றை அத்தொடர் உணர்த்தவில்லை.

தமிழ்நாட்டில் தொழில்முனைவு, தொழில்முனைவோர் என்பனவும், இலங்கையில் முயற்சியாண்மை, முயற்சியாளர் என்பனவும் வழங்குகின்றன. தொடக்கநிலை நிறுவனங்களுக்குப் 'புத்தொழில்' என்னும் சொல்லைத் தமிழ்நாடு அரசு ஆள்கிறது. இவையெல்லாம் ஊக்கத்தையும் புதுமையையும் முன்னிறுத்துவன. இடரை உள்ளடக்குவன அல்ல.

பேச்சுவழக்கு இவ்விடத்தில் எழுத்துவழக்கைவிட நுட்பமானது. 'துணிந்து இறங்கிவிட்டான்' என்பது தொடக்கத்தையும், 'கையைச் சுட்டுக்கொண்டான்' என்பது இழப்பையும், 'முதலுக்கே மோசம்' என்பது முழு அழிவையும் குறிக்கின்றன. இடரின் படிநிலைகளைத் தமிழ் மரபுத்தொடர்களால் அறிந்தே வைத்திருக்கிறது. கலைச்சொல்லாக்கம் அவற்றைப் போதிய அளவு கருதவில்லை.

சட்டமொழியில் எழும் சிக்கல்

1963ஆம் ஆண்டு இந்தியக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், காப்பீடு செய்யத்தக்க சொத்து கடல் இடர்களுக்கு உள்ளாகும் நிலையை 'மரைன் அட்வென்ச்சர்' என்கிறது. இதைக் 'கடல்சார் துணிகரம்' என்று பெயர்த்தால் கடற்கொள்ளை நினைவுக்கு வரும். 'கடல்சார் சாகசம்' என்றால் அலைச்சறுக்கு நினைவுக்கு வரும். 'கடல்சார் இடரேற்பு' என்பதே சட்டக்கருத்துக்கு நெருங்கியது.

1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 2(13)ஆம் பிரிவு, தொழில் என்பதற்குள் 'வணிக இயல்புடைய அட்வென்ச்சர்' என்பதையும் அடக்கியது. இதற்கு முந்தைய சட்டத்திலும் இத்தொடர் இருந்தது. கோயம்புத்தூர் ஜனார்த்தனா ஆலையின் மேலாண்மை முகவர்களான ஜி. வெங்கடசாமி நாயுடு நிறுவனத்தார் பீளமேட்டில் ஆலையை ஒட்டிய நான்கு நிலங்களை வாங்கிச் சில ஆண்டுகளில் ஆலைக்கே விற்றனர். அந்த ஆதாயம் மூலதனப் பெருக்கமா, வணிக வருவாயா என்பது வழக்கு. எல்லா நேர்வுக்கும் பொருந்தும் ஒரே அளவுகோல் இல்லை. எல்லாச் சூழல்களையும் சேர்த்தே காண வேண்டும். தாமே வைத்து நுகரும் எண்ணமின்றி, ஆதாயத்துக்கு மறுவிற்பனை செய்யும் ஒரே நோக்கில் வாங்கியது வலுவான சான்று என உச்ச நீதிமன்றம் கருதி, அதை வணிக இயல்புடையதெனத் தீர்த்தது.

இத்தீர்ப்பு மனை வணிகம் மிகுந்த தென்சென்னைப் புறநகருக்கு நேரடியாகப் பொருந்துவது. முடிச்சூரில் வீடு கட்டிக் குடியேறும் எண்ணத்தோடு 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனை வாங்கியவர், குடும்பச் சூழலால் அதை விற்க நேர்ந்தால் அது ஒரு நிலை. படப்பையில் ஏக்கர்க் கணக்கில் வாங்கி, மனைகளாகப் பிரித்து விற்கும் நோக்கோடே இறங்குவது மற்றொரு நிலை. இரண்டிலும் விலை ஏறியிருக்கலாம். பின்னதே சட்டம் கருதும் இடரேற்பு வணிகத்துக்கு நெருங்கியது. அதைத் தமிழில் 'துணிகரம்' என்று எழுதினால் வரி செலுத்துபவர்மீது பழி சுமத்தியதாகும். 'முயற்சி' என்று எழுதினால் முன்னவரும் அதற்குள் அகப்படுவார்.

வைப்பும் முதலீடும்

இச்சொற்சிக்கலின் கடுமையான விளைவு பொதுமக்களின் சேமிப்பில் தெரிகிறது. நிதி நிறுவனங்களில் பணம் வைத்து இழப்போரைக் காக்க 1997இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயர் 'டெபாசிட்டர்' என வைப்பாளரைச் சுட்டுகிறது. நாளிதழ்களோ அவர்களைப் பெரும்பாலும் 'முதலீட்டாளர்கள்' என்றே எழுதுகின்றன.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. வைப்புத்தொகை, திருப்பித் தரப்பட வேண்டிய கடன். பங்கு முதலீட்டில் தொழில் நலிந்தால் போட்ட முதலைக் கேட்டுப் பெறும் உரிமை இல்லை. 'வென்ச்சர்' முதலீடு இவ்விடர் மிகுந்த வகை. பல நிறுவனங்கள் தோற்கலாம், சில பெரிதும் வெல்லலாம் என்னும் கணக்கிலேயே அது இயங்குகிறது. இதனால்தான் செபி அமைப்பு இதற்கென 1996இல் தனி விதிகளை வகுத்தது. 2012இல் மாற்று முதலீட்டு நிதியங்களுக்கான விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன.

பேச்சுவழக்கில் 'பணம் போடுதல்' என்னும் ஒரே தொடர் வைப்பு, சீட்டு, பங்கு, கூட்டுத்தொழில் அனைத்துக்கும் பொதுவாகிறது. ஓய்வூதியப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் ஒருவரிடம் 'முதலீடு' என்று மட்டும் சொல்லப்பட்டால், அவர் அதை வைப்பாகவே எண்ண இடமுண்டு. இடரை வெளிப்படையாகச் சொல்லும் ஒரு சொல் பத்திரத்தில் இருந்தால், கையெழுத்திடுமுன் ஒரு கேள்வியேனும் எழும். கலைச்சொல் இங்கே பொருளை விளக்குவதோடு எச்சரிக்கவும் செய்கிறது.

பொருத்தமான ஆட்சி

மேற்கண்டவற்றால், ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்னும் நெறி இங்குப் பொருந்தாது என்பது புலப்படும். துறைக்கேற்ப ஆள்வதே தக்கது.

பயணம், விளையாட்டு, வான்காட்சி ஆகியவற்றுக்குச் சாகசம் என்பது நிலைபெற்ற வழக்கு. அதை மாற்ற வேண்டுவதில்லை. பொதுவான தொழில் தொடக்கத்துக்கு முனைவு பொருந்தும். இருவர் முதல் போட்டு இழப்பையும் பகிரும் ஒப்பந்தத்துக்குக் கூட்டு முயற்சி என்பதினும் 'கூட்டு முனைவு' என்பது தொழிற்பொருளைத் தெளிவாகத் தரும். சட்டத்தொடர்களில் 'இடரேற்பு' என்பதை ஆளலாம். பொதுமக்கள் படித்துக் கையொப்பமிடும் நிதி ஆவணங்களில் 'இடர் முதலீடு' என்பது தக்கது. இழப்புக்கு இடமுண்டு என்பதை அது தன் முதற்சொல்லிலேயே சொல்லிவிடுகிறது. பாடநூல்களிலும் இதழ்களிலும் பழகிவிட்ட துணிகர முதலீடு என்பதை உடனே நீக்குவது எளிதன்று. முதன்முறை ஆளும் இடத்தில் 'இழப்புக்கு இடமுள்ள' என்னும் விளக்கத்தைச் சேர்ப்பது பயன் தரும்.

முடிவுரை

'வென்ச்சர்' என்னும் சொல்லில் பணயம், உறுதியின்மை, அறிந்தே இறங்குதல் என்னும் மூன்றும் பிரியாது நிற்கின்றன. தமிழில் துணிவு மூன்றாவதையும், இடர் இரண்டாவதையும், முதல் என்னும் சொல் முதலாவதையும் தருகின்றன. துணிகரம் வேரால் நெருங்கியதாயினும் குற்றச்செய்திகளின் தொடர்ந்த ஆட்சியால் விலகிப்போயிற்று. சாகசமோ பழைய குற்றப்பொருளிலிருந்து காட்சிப்பொருளுக்குப் பெயர்ந்தது. சொற்களின் மதிப்பு அகராதியைவிட வழக்கையே பெரிதும் சார்ந்து மாறுகிறது என்பதற்கு இவ்விரண்டும் சான்று. எனவே கலைச்சொல்லாக்கம் வேர்ப்பொருளோடு வட்டார நாளிதழ் வழக்கையும் கணக்கில் கொள்ள வேண்டும். அழிவதையும் ஆவதையும் முன்னரே எண்ணச் சொன்ன மரபுக்கு, அவ்விரண்டையும் மறைக்காத ஒரு சொல்லே உரியது.